குச்சி இருக்கு

தம்பியின் உடம்பில் இனி ஓடப்போவது உங்கள் ரத்தம்தான் என்று டாக்டர்கள் சொன்னபோது அக்கா தலையை ஆட்டி வைத்தாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது. லென்சு அதைக் கண்ணால் காட்டிய பிறகுதான் நம்பினாள். நம்பாமலே இருந்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் தோன்றியது.

லென்சு, தம்பியின் மனைவி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. ரத்தத்தில் எது எத்தனை இருக்கிறது என்பதை மெஷினே எண்ணிவிடும். மெஷினுக்குச் சந்தேகம் வந்தால் அந்த ரத்தத்தில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டியது இவள் பொறுப்பு. கழுவிக் கவிழ்த்த தம்ளரைக்கூட வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் பிடிக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டுத் தம்பி வைத்த பேர்தான் லென்சு. மாமியார் உட்பட எல்லோர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

தம்பிக்கு மாஸ்டர் என்று பேர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவன் கைவைக்காத தொழில் இல்லை. போட்டோ ஸ்டுடியோவில் இருந்தான், டிவி ரிப்பேர் பழகினான், அச்சகத்தில் பேப்பர் வெட்டினான், மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நாள் அலைந்தான். எதிலும் நிலைக்கவில்லை. "எதுவாவது ஒண்ணா ஆகித் தொலையேன்டா" என்று அம்மா சாகிறவரைக்கும் திட்டிக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகுதான் ஆனான். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்திருக்கும் பிரேக்கை வேண்டிய நேரத்தில் மிதிக்கிற வேலை. அது அவனை அப்படியே பிடித்துக்கொண்டது. வாடகைக் காரில் ஏறினாலும், பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தாலும், எதிரே ஏதாவது குறுக்கே வந்தால் அவன் வலது கால் தரையை மிதிக்கும். அதைப் பார்த்து அக்கா சிரிக்காத பயணம் கிடையாது.

அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கடை வைத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பார்த்தார்கள், தட்டிப்போனது, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. தம்பி குடியிருந்த வீட்டுக்கு மேல் மாடியில்தான் அவளும் இருந்தாள். அக்காவும் தம்பியும் சண்டை போடாத நாள் இல்லை. மோட்டார் போட மறந்தது யார் என்பதில் தொடங்கும். யார் பிறந்த பிறகு அப்பாவுக்கு வேலை போனது என்பதில் போய் நிற்கும். இரண்டு பேரும் சத்தம் போட்டு ஓய்ந்ததும் லென்சு வந்து, "முடிஞ்சுதா? ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்பாள்.

ஈறில் ரத்தம் கசிகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மாஸ்டர் சொன்னபோது லென்சுதான் அவனைத் தன் இடத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தாள். சொந்தக்காரர்களின் ஸ்லைடை அவரவர் படிக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கண் பார்க்க வேண்டியதைப் பார்க்காது, பார்க்க விரும்புவதைப் பார்க்கும் என்பார் அவளுடைய மேலாளர். அவரே பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து லென்சுவை உட்காரச் சொன்னார்.

ரத்தப் புற்று. மருந்து ஏற்றி நோயை அடக்கலாம், ஆனால் அது திரும்பி வரும் வகை, அதனால் வேறொருவரின் ஸ்டெம் செல்லை வாங்கி ஏற்றியாக வேண்டும் என்றார்கள். உடன்பிறந்தவர்களிலேயே நாலில் ஒருவருக்குத்தான் பொருந்தும். அக்காவுக்குப் பொருந்தியது. செய்தி வந்த அன்று மாஸ்டர் கட்டிலில் படுத்தபடி கைகொட்டிச் சிரித்தான்.

"இவ்வளவு நாளா வீட்டு விஷயத்துல மட்டும்தான் மூக்கை நுழைச்சா. இப்ப எலும்புக்குள்ளயும் வரப்போறா."

அக்கா அன்றைக்கு மட்டும் சண்டைக்குப் போகாமல் அவன் போர்வையைச் சரிசெய்தாள்.

எதைக் கொடுக்கப்போகிறோம் என்பது அவளுக்கு விளங்கவில்லை. ஒரு மத்தியானம் லென்சு கடைக்கு வந்து, துணி வெட்டுகிற மேசையிலேயே, குறி போடும் சாக்பீஸை எடுத்து வரைந்து காட்டினாள். கீழே ஒரு வட்டம். அதுதான் ஸ்டெம் செல், எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும். அதிலிருந்து மேலே இரண்டு கிளை. ஒரு கிளையில் சிவப்பணு, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு, கிருமி வந்தால் முதலில் ஓடிப்போய் விழுங்குகிற நியூட்ரோஃபில், செத்ததைச் சாப்பிட்டுச் சுத்தம் செய்கிற பெரிய செல்கள் எல்லாம் வரும். மற்றக் கிளையில், அந்நியமானதை அடையாளம் கண்டு சண்டை போடுகிற லிம்ஃபோசைட்டுகள். அதில் பி என்கிற வகை மஜ்ஜையிலேயே இருந்து கற்றுக்கொள்ளும். டி என்கிற வகை அங்கிருந்து கிளம்பி நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போகும். எது நம்மது, எது அந்நியம் என்று அங்கேதான் அதற்குப் பாடம். பாடத்தில் தோற்றதை அங்கேயே கொன்றுவிடும். பெரும்பாலும் தோற்றுப்போகும்.

"இவர் வயசுக்கு அந்தச் சுரப்பி முக்கால்வாசி வத்திப்போய்க் கொழுப்பா இருக்கும் அண்ணி. அதனால முதல் கிளை சீக்கிரம் வந்துடும். ரெண்டாவது கிளை ஒழுங்கா வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகும். வராமலும் போகலாம்."

அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த நீலத் துணியைத் தட்டினாள்.

"இது மாதிரிதான? வெட்டாத வரைக்கும் சட்டையாவும் ஆகும், பாவாடையாவும் ஆகும். கைக்குன்னு வெட்டிட்டா அது கைதான். திரும்பித் துணியாகாது."

"அதேதான்."

"அவனுக்கு என்ன ஆச்சு அப்ப?"

லென்சு அந்தச் சுருளைக் கொஞ்சம் பிரித்தாள். "அவருக்கு வெட்டறதே நின்னுபோச்சு. துணி மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. கடை முழுக்கத் துணி, கதவு வரைக்கும் துணி. மாட்டிக்க ஒரு சட்டை இல்ல."

சாக்பீஸில் வரைந்ததை அக்கா அழிக்க மனமில்லாமல் இரண்டு நாள் அந்த ஓரத்தில் துணி விரிக்காமல் வேலை பார்த்தாள். கடைசியில் அவசரமாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு உருப்படி வந்தபோது அது தானாக அழிந்துபோனது.

ஸ்டெம் செல்கள் எலும்பை விட்டு ரத்தத்துக்கு இறங்கி வருவதற்காக அவளுக்குச் சில நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளேயிருந்து யாரோ நெட்டித் தள்ளுவதுபோல் வலித்தன. பிறகு ஒரு மெஷின் பக்கத்தில் படுக்கவைத்து, ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் ஏற்றினார்கள். உதடு மரத்துக் கூசியது. சாயங்காலம் அவர்கள் காட்டிய பை உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தண்ணீர் கலந்த குங்கும நிறம். இதற்காகவா இத்தனை என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதைத் தம்பிக்குச் சாதாரண குளுகோஸ் மாதிரி கை நரம்பில்தான் ஏற்றினார்கள். எலும்புக்குள் போட மாட்டீர்களா என்று கண்ணாடிக்கு வெளியே நின்ற நர்ஸிடம் அக்கா கேட்டாள். வேண்டாம், எங்கே போக வேண்டும் என்று அதுகளுக்கே தெரியும் என்றாள் நர்ஸ். கண்ணாடிக்கு உள்ளே மொட்டைத் தலையோடு மாஸ்டர் பையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு அக்காவைப் பார்த்து, வாயசைவிலேயே, மெதுவா வா என்றான். கார் பழகுகிறவர்களிடம் சொல்வது அது.

மருந்துகளால் அவனுடைய சொந்த மஜ்ஜையை ஏற்கெனவே காலி செய்திருந்தார்கள். கொஞ்ச நாள் அவன் ரத்தத்தில் கிருமியை எதிர்க்க ஒன்றுமே இல்லை. வாயெல்லாம் வெந்து, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தான். அப்புறம் நியூட்ரோஃபில்கள் முளைத்தன. லென்சு சொன்ன முதல் கிளை. டாக்டர்கள் கைகுலுக்கினார்கள். அவன் வீட்டுக்கு வந்து சில வாரம் ஆனபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லென்சு அக்காவைத் தன் நிலையத்துக்கு வரச்சொன்னாள். அன்று அங்கே ஆள் இருக்காது. முந்தின நாள் வீட்டில் வைத்தே அவன் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டை ஸ்லைடாக்கியிருந்தாள்.

எழுதாத சட்டத்தைப் பற்றி அக்கா கேட்டாள். "படிக்கத்தான் கூடாது. சும்மா பார்க்கலாம்" என்றாள் லென்சு. அவள் முகம் அத்தனை மாதத்தில் முதல் தடவையாகத் தெளிந்திருந்தது.

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். இளஞ்சிவப்பு வட்டங்கள் பரவிக் கிடந்தன. நடுவில் ஊதா நிறத்தில் ஒன்று. மூன்று நாலு உருண்டைகளை நூலில் கோத்தது மாதிரி அதன் உட்கரு. கடைசி உருண்டையின் ஓரத்தில் மெல்லிய காம்பு நீட்டி, அதன் நுனியில் ஒரு சின்ன மொட்டு. மேளம் அடிக்கிற குச்சி மாதிரி.

"தெரியுதா? நியூட்ரோஃபில். அந்தக் குச்சி பொம்பளை ரத்தத்துலதான் இருக்கும். நம்மகிட்ட எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ஒண்ணு வேலை பார்க்கும், இன்னொண்ணு சுருண்டு ஓரமா உட்கார்ந்துடும். அதுதான் அப்படித் துருத்திக்கிட்டு நிக்குது. எல்லாத்துலயும் தெரியாது, நூத்துல ரெண்டு மூணுல தெரியும். ஆம்பளைக்கு இது வராது அண்ணி." லென்சுவின் குரல் சற்றுத் தழைந்தது. "இது உங்க தம்பி விரல்ல எடுத்தது. ஆனா இது நீங்க."

அக்கா கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, எதற்கென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் பரிசோதனை மாதத்துக்கு ஒருமுறைதான். இடையில் இவர்களுக்கு இது. சில வாரம் அக்காவும் கூடப் போவாள். போகாத வாரம் லென்சு போனில் சொல்வாள், "குச்சி இருக்கு." அக்கா அதைக் கேட்டுவிட்டுத் தையல் மெஷினை மிதிப்பாள். வேறு எதையும் கேட்கத் தோன்றாது. மாஸ்டர் இதையும் விடவில்லை. அக்கா எனக்குள்ளேயே குச்சியோடு ரோந்து சுற்றுகிறாள், கிருமிகள் பாவம், என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவன் ரத்த வகைகூட அக்காவுடையதாக மாறிக்கொண்டிருந்தது. இனிமேல் கோபம் வந்தால் அது நானில்லை, அவள் ரத்தம் என்றான்.

பெரிய டாக்டரம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். தோலில் தடிப்பு, அரிப்பு எதுவும் இல்லையா என்று கேட்பார். இல்லை என்றால் ம் என்பார். அக்காவின் லிம்ஃபோசைட்டுகளுக்குத் தம்பியின் உடம்பு அந்நிய வீடு, கொஞ்சம் சண்டை போடத்தான் செய்யும். அளவோடு போட்டால் நல்லது, ஒளிந்திருக்கும் நோயையும் சேர்த்து அடித்துவிடும் என்று விளக்கினார். சண்டையே வரவில்லை. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வெளியே இத்தனை வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு பேரும் உள்ளே போய் ஒற்றுமையாகிவிட்டார்களே என்று லென்சு வியந்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தானே ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்க்கப் பழகியிருந்தாள். குச்சி ஒன்று அகப்பட்டது. கொஞ்சம் தள்ளி, மற்றவற்றைவிடப் பெரிதாக, உருண்டையாக ஒன்று தெரிந்தது. அதன் உட்கரு பிரிந்து கோக்கப்படாமல் முழுசாக இருந்தது, மெல்லிய மஸ்லின் துணி போல. உள்ளே வெளிறிய பொட்டு இரண்டு.

"இந்தப் பெரிசு என்ன?"

லென்சு குனிந்து பார்த்தாள். வெகுநேரமெல்லாம் பார்க்கவில்லை. "அது சின்னப் புள்ள அண்ணி. லிம்ஃபோசைட் ஆகப்போகுது போல. ரெண்டாவது கிளை வர ஆரம்பிச்சிருக்கு."

"என்ன ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணலயா?"

"பண்ணிடும்."

பிள்ளையில்லாத அக்காவுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. அதற்கடுத்த வாரமும் அவள் முதலில் தேடியது குச்சியை அல்ல, சின்னப் பிள்ளைகளைத்தான். இன்னும் இரண்டு மூன்று அகப்பட்டன. நம் பிள்ளைகள் அதிகமாகிவிட்டன என்று வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் சொன்னாள். அவன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அன்றைக்கு மாடிப்படி ஏறியபோது மூச்சு வாங்கியதாகச் சொன்னான். வெயில் என்றார்கள்.

ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் அவற்றுக்கு வேறு பேர் இருந்தது. நோய் திரும்பியிருந்தது. பேரை எழுதிய காகிதத்தை டாக்டரம்மா லென்சுவின் பக்கம் திருப்பினார். அவள் படித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. அன்று சாயங்காலம் பழைய ஸ்லைடுகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தாள். மாடியேறி வந்து அக்காவின் வாசலில் நின்றாள். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை.

"முன்னாடியே இருந்திருக்கு அண்ணி. வேற யாரோட ரத்தமா இருந்தாலும் பார்த்தவுடனே எழுந்து ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். குச்சி இருக்கா, குச்சி இருக்கான்னுதான் பார்த்தேன்."

"நானும்தான பார்த்தேன்."

"நீங்க கேட்டீங்க. பதில் சொன்னது நான்."

சில வாரம் முன்னால் தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரம்மா இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். அது உண்மையா, இரக்கமா என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. குச்சி பொய் சொல்லவில்லை. அக்காவின் மஜ்ஜை தம்பியின் எலும்பில் ஊன்றித்தான் இருந்தது, நியூட்ரோஃபில்களைத் தந்துகொண்டுதான் இருந்தது. அதன் பக்கத்திலேயே, எந்த மருந்துக்கும் அகப்படாத ஏதோ ஒரு மூலையிலிருந்து, அவனுடைய பழைய செல் ஒன்று திரும்பவும் கிளம்பிவிட்டது. வெட்டாத துணி.

இனி ஒன்றுதான் பாக்கி என்றார்கள். இந்தத் தடவை ஸ்டெம் செல் அல்ல, அக்காவின் உடம்பிலேயே பாடம் படித்து முடித்த லிம்ஃபோசைட்டுகளை எடுத்து நேரடியாக ஏற்றுவது. அவை சண்டை போடும். நோயோடு போட்டால் பிழைப்பான். பிழைக்கிறவர்கள் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. மெஷினுக்குப் போகுமுன் அக்கா அவன் அறையில் போய் நின்றாள். அவன்தான் முதலில் பேசினான்.

"போன தடவை மரியாதையா இருந்துட்டக்கா. அதான் தப்பு. இந்த வாட்டி சண்டை போடு. விட்டுக்குடுக்காத."

மெஷின் பக்கத்தில் படுத்திருந்த அத்தனை நேரமும் அக்கா பழைய சண்டைகளை நினைத்துக்கொண்டாள். அவன் விற்றுத் தின்ற அவளுடைய சைக்கிள், அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவன் உளறியது, அம்மாவின் கடைசி நாளில் அவன் வராதது. கோபத்தை வரவழைத்து ரத்தத்தோடு அனுப்பிவிட முடியும் என்பதுபோல. அவள் முட்டாள் இல்லை. முடியாது என்று தெரியும். இருந்தாலும் நினைத்தாள்.

சண்டை வந்தது. சில வாரத்தில் அவன் உள்ளங்கைகள் சிவந்தன. டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். நல்ல அறிகுறி என்றார். லென்சுவும் அக்காவும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து பாதம் சிவந்தது, முதுகு சிவந்தது. தோல் கொப்புளித்து உரிந்தது. கண் மஞ்சளாயிற்று. வயிற்றால் போக ஆரம்பித்தது நிற்கவில்லை. குடலின் உள்தோலும் அதேபோல் உரிகிறது என்றார்கள். அக்காவின் லிம்ஃபோசைட்டுகளை அடக்குவதற்கு இப்போது மருந்து கொடுத்தார்கள். அடங்கவில்லை. ரத்தத்தில் நோய் எவ்வளவு என்று லென்சு கேட்டாள். ஏறியிருந்தது.

அக்காவின் செல்கள் தம்பியின் தோலைக் கண்டுபிடித்தன, குடலைக் கண்டுபிடித்தன, ஈரலைக் கண்டுபிடித்தன. எதைக் கண்டுபிடிப்பதற்காக அனுப்பப்பட்டனவோ அதை மட்டும் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தன் உடம்பிலிருந்து போனதுதான், தன் பேச்சைக் கேட்காது. அவள் விரிப்பை மாற்றினாள். நனைந்ததை அலசினாள். நர்ஸ் செய்வாள் என்று லென்சு தடுத்தபோது, என் வேலைதானே இதெல்லாம் என்றாள்.

ஒரு பிற்பகல் அவன் கண் திறந்து அவளைத் தேடினான். உதடு வெடித்திருந்தது. அவள் காதை அருகில் கொண்டுபோனாள்.

"போதும்னு சொல்லுக்கா. உன் ஆளுங்ககிட்ட."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று அவள் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்கு இல்லை. வலியில் அவன் நிஜமாகவே அப்படி நம்பியிருந்தான். "சொல்றேன்டா" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, யாருக்கோ சொல்வதுபோல், போதும் என்று சொன்னாள். அவனுக்குக் கேட்பதற்காக இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். போர்வைக்கு அடியில் அவனுடைய வலது கால் அசைந்தது. கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்தியது, விட்டது, அழுத்தியது. பிரேக் தேடுகிறான் என்று அக்காவுக்குப் புரிந்தது. லென்சு அந்தப் பாதத்துக்கு எதிராகத் தன் உள்ளங்கையை வைத்தாள். அதை மிதித்துக்கொண்டே அவன் தூங்கினான். அதற்குப் பிறகு சில நாள் இருந்தான், பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அக்கா கடையைத் திறந்தாள். பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். நீலத் துணியில் சட்டைகள் வெட்டினாள். வெட்டும்போது ஒன்றும் நினைக்காமல் இருக்க முடிந்தது. வெட்டாத துணியைப் பிரிக்கும்போதுதான் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கிப்போய், அவனுடைய ஸ்லைடு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று லென்சுவிடம் கேட்டாள். லென்சு அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். கடைசி நாட்களில், ஊசியில் மிஞ்சிய சொட்டை வாங்கி ஒன்று இழுத்ததாகவும், ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். இருவரும் கிளம்பிப் போனார்கள்.

லென்சு சாயம் ஏற்றினாள், காயவைத்தாள், கண்ணாடிக்கடியில் செருகினாள். முதலில் அவள் பார்க்கவில்லை. அக்காவை உட்காரச் சொன்னாள்.

அக்கா தேடினாள். கோத்த உருண்டைகளோடு நியூட்ரோஃபில் ஒன்று தனியாகக் கிடந்தது. ஓரத்தில் அந்தக் காம்பு, அதன் மொட்டு.

"குச்சி இருக்கு" என்றாள்.

"இருக்கும் அண்ணி."

இன்னும் தள்ளினாள். கறுத்த, சின்ன உருண்டை ஒன்று. லிம்ஃபோசைட் என்று இப்போது அவளுக்கே தெரியும். "இதுவும் நான்தானே?"

"நீங்கதான்."

அக்கா கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். கேட்க வந்தது இதைத்தான். "எல்லாம் நான்தான்னா, இதுல அவன் எங்க?"

லென்சு மேசை ஓரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு குனிந்து ஒரு முறை பார்த்து, ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி, விலகிக்கொண்டாள்.

"இந்தப் பெரிசுங்க. நல்லபடியா முழுசா ஆனது எல்லாம் உங்களோடது அண்ணி. அவரோடதுன்னு இருக்கறது இதுங்க மட்டும்தான்."

அக்கா மறுபடி கண்ணை வைத்தாள். மஸ்லின் மாதிரி மெல்லிய ஊதா, உள்ளே வெளிறிய பொட்டுகள். ஒரு காலத்தில் பிள்ளைகள் என்று அவள் சொன்னவை. எதுவாகவும் ஆகாமல், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. லென்சு தள்ளட்டுமா என்று கேட்டாள். அக்கா தலையசைத்தாள். அடுத்த இடத்திலும் அவன்தான் இருந்தான். அதற்கடுத்த இடத்திலும் அவன்தான். விளிம்பு வரைக்கும் அவனாகவே இருந்தது. இத்தனை நிறைய அவன் எப்போதும் இருந்ததில்லை.